கடைசி ஆள் வரும்வரை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்டிய காலத்தில் கோலார் தங்கவயலைச் சின்ன இங்கிலாந்து என்று சொல்வார்களாம். அவர்கள் கப்பலேறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும், கிளப்பையும் ஓட்டுக்கூரை பங்களாக்களையும் காட்டி, "பாத்தீங்களா, அப்டியே லண்டன்" என்று விருந்தாளிகளிடம் சொல்லாதவர்கள் குறைவு. குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அந்தப் பெருமை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். சின்ன இங்கிலாந்தில் பிறந்து பெரிய இங்கிலாந்தையும் பார்த்துவிட்டு வந்தவள், தங்கவயலின் ஒரு பகுதியான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே நான் ஒருத்திதான். அதனால் கொஞ்ச காலம் என் அலட்டல் யாராலும் தாங்க முடியாததாக இருந்தது.

1999ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை அது. எனக்குப் பத்து வயது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நர்ஸ் படிப்பு முடித்த கையோடு இங்கிலாந்துக்குப் போனவள். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். பெரியப்பா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். அதே ஆஸ்பத்திரியில் லேபில் இருந்தார். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அவர்கள் குடியிருந்தது பட்டணத்தில் அல்ல, காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கிராமத்தில். அங்கே வந்து ஒரு மாதம் இருங்கள் என்று அம்மாவுக்கும் எனக்கும் விமான டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டது என்னவென்றால், என்னை அங்கேயே விட்டுவிட்டு வருவதற்காகத்தான் அந்தப் பயணமே. ஒரு மாதம் பழகட்டும், பிள்ளை ஒட்டிக்கொண்டால் பெரியம்மா வளர்க்கட்டும், அம்மா மட்டும் திரும்பி வரட்டும் என்று பெரியவர்கள் கடிதத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். காகித வேலையெல்லாம் பெரியப்பா பார்த்துக்கொள்வதாக இருந்தது. விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்காக எனக்கும் திரும்பி வரும் டிக்கெட் ஒன்று எடுத்திருந்தார்கள். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது, நான் படிப்பு முடித்து பெங்களூருக்குத் தினமும் ரயிலேறத் தொடங்கிய பிறகுதான். அதுவரை எனக்குத் தெரிந்தது ஒரு கதை, நடந்தது இன்னொன்று.

சம்மதம் சொன்னது நைனா. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை உடைத்த இடத்தில் மேலே இருப்பது கீழே விழாமல் மரம் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. மூடாவிட்டாலும் பயம், மூடினாலும் பயம். கீழே போனவர் மேலே வரும்வரை ஒரு பயம், மேலே வந்தவருக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒரு பயம். பிள்ளையாவது இதிலிருந்து தப்பட்டும் என்று நினைத்திருக்கிறார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம். பிறகு பெட்டியை எடுத்து வைத்தாளாம்.

புறப்படும் நாளில் நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கயிற்றைக் கொடுத்தார். ஒரு முனையில் முடிச்சுப் போட்ட சணல் கயிறு.

"இந்தக் கயிற மரத்த சுத்திப் பிடி. முடிச்சு வந்து சேந்துச்சின்னா அந்த மரம் கீழ எறங்க லாயக்கு. அங்க மரமெல்லாம் எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லணும், இன்னா?"

பெரிய மனுஷியிடம் கொடுப்பதுபோல ஒரு வேலை கொடுத்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வரப்போவதில்லை என்று முடிவு செய்தவரே 'வந்து சொல்லணும்' என்று சொல்லிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

பெரியம்மாவின் ஊரைப் பார்த்ததும் எனக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் ஊரே சின்ன இங்கிலாந்து என்றால் இது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்! தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலைபோலக் குவிந்த சயனைடு மேடாவது எங்கள் ஊரில் உள்ளதைவிட மூன்று மடங்கு இருக்கும் என்று நம்பிப் போயிருந்தேன். மேடே இல்லை. ஒரு சர்ச், ஒரு கடை, ஒரு குளம், முப்பது நாற்பது வீடுகள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தெருவில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம். அவற்றில் சில ஸ்வெட்டர் போட்டிருந்தன. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நான் முதலில் மேலே அண்ணாந்து பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது.

சத்தமே இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் ஊரில் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் சங்கு ஊதும். அந்தச் சங்கில்தான் சோறு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம். இங்கே ஒன்றும் ஊதவில்லை. எப்போது பசிக்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. பெரியம்மா அந்த அமைதியை ஏதோ தானே சமைத்துப் பரிமாறியதுபோல, "எப்டி கீது பாத்தியா கண்ணு? ஒரு சத்தம் கீதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மண் ஆடாத ஊராகத் தேடித்தான் அந்த வீட்டை வாங்கினோம் என்று அம்மாவிடம் சொன்னாள்.

மண் ஆடுவது என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழே ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் தட்டும் டம்ளரும் அலமாரியிலிருந்து விழும். அந்த நிமிஷமே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், அவரவர் வீட்டு ஆள் இறங்கிய ஷாப்ட்டை, அந்தச் சுரங்கக் குழியைப் பார்த்து ஓடுவார்கள். பிள்ளைகளும் கூடவே ஓடும். ஷாப்ட் வாசலில் ஓரமாக நிற்க வேண்டும். அழக் கூடாது. கேஜ் என்கிற இரும்புக் கூண்டு மேலே வந்து ஆட்கள் இறங்குவார்கள். தன் வீட்டு ஆள் வந்துவிட்டார் என்று யாரும் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். கடைசி ஆள் மேலே வரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறி நான் பார்த்ததில்லை. ஆறு வயதிலேயே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் அப்படி நின்றிருக்கிறேன். அன்று நைனா மூன்றாவது கேஜில் வந்தார். நாங்கள் ஒன்பதாவது கேஜ் வரைக்கும் நின்றோம்.

அம்மாவுடைய அப்பா, என் தாத்தா, அப்படி ஒரு ஏர் பிளாஸ்ட்டில் போனவர் என்று எனக்குத் தெரியும். மாலை போட்ட படமாகத்தான் அவரைத் தெரியும். அன்று பெரியம்மாவுக்குப் பதினொரு வயது என்பதும், கைக்குழந்தையோடு இருந்த தன் அம்மாவுக்குப் பதிலாக ஷாப்ட் வாசலுக்கு அவள்தான் ஓடினாள் என்பதும் தெரியாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். வீட்டின் பின்புறக் கதவைத் திறந்தால் காடு. அப்படி ஒரு காட்டை நான் பார்த்ததில்லை. தரை முழுக்க முழங்கால் உயரத்துக்கு நீலப் பூ. மரங்களோ வழவழவென்று சாம்பல் பட்டையோடு வானத்துக்குப் போயிருந்தன. எங்கள் ஊரில் மரம் என்றால் லாரியில் வரும், தோல் உரிந்து ஷாப்ட் வாசலில் அடுக்கிக் கிடக்கும், பிறகு கீழே போய்விடும். மரத்தின் கதி அதுதான் என்று நினைத்திருந்தேன். இங்கே இத்தனை மரத்தையும் ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா நிற்க விட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்கு இருந்த மதிப்பு கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

தினமும் காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு போவேன். மரம் மரமாகச் சுற்றிப் பிடிப்பேன். பாதிக்குமேல் பருத்த மரங்கள். கயிறு எட்டவே எட்டாது. மெலிந்ததாகத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெரியப்பா ஒருநாள் கூட வந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் கூவுகிற பறவை எதுவானாலும் பெயர் சொல்வார். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா அளக்குற?" என்று கேட்டார். கீழே இறங்க லாயக்கான மரம் இதுவரை பதினாலு கிடைத்திருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், இதுக்குத் தெரியாது" என்றார்.

வீட்டில் எனக்கென்று ஒரு தனி அறை கொடுத்திருந்தார்கள். சுவரில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. ஒருநாள் அங்கே இருந்த அலமாரியைத் திறந்தேன். வெறும் அலமாரி என்று நினைத்தால், உள்ளே ஒரு கரும்பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. நெஞ்சுப் பக்கத்தில் ஒரு மரம் பின்னிய சின்ன வட்டத் துணி வைத்துத் தைத்திருந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். கீழே புதுப் பையும், பெட்டியைவிட்டு எடுக்காத ஷூவும் இருந்தன.

"இது யாருது பெரிம்மா?" என்று கேட்டேன்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"யார்னா வந்தா போட்டுக்கும்" என்றாள் பெரியம்மா.

இந்த வீட்டுக்கு வேறு யாரோ பிள்ளை வரப்போகிறது போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று கோபம் வேறு. மூன்று வாரம் முடியும்போது பெரியம்மாவோடு நான் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தேன். சப்பாத்தி மாவில் கிளி செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்க்க அம்மாவிடம் போகாமல் அவளிடம் போனேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு அவள்மேல் இரக்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள், வழக்கம்போலக் கயிற்றோடு காட்டுக்குள் போனேன். பெரியம்மாவும் அம்மாவும் அடுப்படியில் இருந்தார்கள். ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து, முடிச்சை எட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் சங்கு ஊதியது.

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! மூன்று வாரமாகக் கேட்காத சத்தம். இந்த ஊரிலும் ஷிப்ட் உண்டு போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை ஊதியது. அடுத்த நிமிஷம் காலுக்குக் கீழே மண் ஆடியது. மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.

நைனா இருப்பது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் என்று எனக்குத் தெரியாதா என்ன? விமானத்தில் உட்கார்ந்து வந்தவள்தானே. ஆனால் அதை நினைக்கிறவரைக்கும் கால் காத்திருக்கவில்லை. கயிற்றை விட்டேன், சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓடினேன். நீலப் பூவெல்லாம் மிதிபட்டன. சேற்றில் ஒரு செருப்பு போனது. காடு முடிந்த இடத்தில் ஒரு வேலி, வேலியை ஒட்டி ஒரு மண் பாதை, அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய இரும்பு கேட். உள்ளே வெள்ளையாகப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக்குப் பக்கத்தில் போய், நிற்க வேண்டிய முறைப்படி ஓரமாக நின்றேன். வேறு யாரும் வந்திருக்கவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் இவ்வளவு மெதுவாகவா வருவார்கள் என்று நினைத்தேன்.

ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட வெள்ளை மீசைக்காரர் ஒருவர், கையில் டீ கோப்பையோடு அங்கிருந்த சின்ன அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில், எந்த லெவல், எவ்வளவு ஆழத்தில் வெடித்தது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இங்கே லெவலெல்லாம் கிடையாது, ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் சௌக்கியம், நீ யார் வீட்டுப் பெண் என்று அவர் கேட்டார். எங்கள் ஊரிலும் வாசலில் நிற்கிற ஆட்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அதை நம்பி யாரும் போனதில்லை. நானும் போகவில்லை.

இதற்குள் வீட்டில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். பெரியம்மா காட்டுக்குள் தேடவே இல்லை. சத்தம் வந்த இடம் கல் குவாரி என்று அவளுக்குத் தெரியும். காட்டுக்கு அந்தப் பக்கம். எப்போதாவது ஒருநாள் வெடி வைப்பார்கள். அன்று வெடி உண்டு என்று வீடு வீடாகச் சீட்டுகூடப் போட்டிருந்தார்கள். பெரியப்பா அதை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு மறந்துவிட்டார். பெரியம்மா வழக்கமாக அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருப்பாள். எங்களுக்காக லீவு போட்டிருந்ததால்தான் அன்று வீட்டில் இருந்தாள். மண் ஆடாத ஊரில் அத்தனை வருஷம் இருந்தவள், அன்றுதான் அது ஆடியதைக் காலில் உணர்ந்திருக்கிறாள்.

கையில் மாவோடு, வீட்டுக்குள் போடும் செருப்போடு, மண் பாதையில் அவள் ஓடி வருவதைப் பார்த்தேன். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் என்னைத் தொடவே இல்லை. மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து, ஓரமாக, என்னைப்போலவே நின்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்து, "எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இன்னும் வர்ல."

"சரி. நிப்போம்."

அந்த வெள்ளை மீசைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியம்மா அவரிடம் போய் மெதுவாக ஏதோ பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். அவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு கருவியை வாயருகே வைத்து யார் யாரையோ கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர். அப்புறம் ஒரு வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அப்புறம் ஒருவர், முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. எல்லாரும் மஞ்சள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினேன். ஏழாவதாக, நொண்டி நொண்டி ஒரு கிழவர் வந்தார்.

"அவ்ளோதானா?" என்று பெரியம்மாவைக் கேட்டேன்.

"அவ்ளோதான். இவுருதான் கடைசி ஆளு."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் பெரியம்மா நகரவில்லை. கிழவர் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே யாரும் இல்லை, புழுதிகூட அடங்கிவிட்டது. அவள் முகம் எனக்குத் தெரியாத யாரோ ஒரு சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பெரிம்மா, அல்லாரும் வந்துட்டாங்க. போலாம் வா."

அப்போதுதான் திரும்பினாள். வழியெல்லாம் அவள் என் கையை விடவே இல்லை. காய்ந்த மாவு என் விரலெல்லாம் ஒட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, பிறகு இரண்டு அறை கொடுத்து, மறுபடி கட்டிப்பிடித்தாள். என்னை அறைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் அடுப்படியில் பேசினார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பெரியம்மா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"இத்த என்னால வெச்சிக்க முடியாது. கூட்டிகினு போயிடு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன். வெள்ளைக்காரர்கள் முன்னால் அவளுக்கு மானம் போய்விட்டது, சேறும் ஒற்றைச் செருப்புமாக நான் போய் நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவளிடம் தலைக்கு எண்ணெய் தேய்க்கப் போகவில்லை. கிளி செய்து கொடுத்தால் நசுக்கி வைத்தேன். ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று அவள் காதுபடக் கேட்டேன். அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னதைக் கேட்டபோது, அந்த ஒரு வாரத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுத முடிந்தால் தேவலை என்று இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா அடுத்துச் சொன்னது இதுதானாம்: "அவ நைனாக்காக எங்கந்தாலும் ஓடுற பொண்ணுடி அது. எனக்கு ஓடறதுக்கு ஆளில்லாம போச்சி. அதுக்கு நைனா கீறப்ப நான் எப்டி புடிச்சி வெச்சிக்கறது?"

கிளம்பும் அன்று பெரியம்மா அந்தக் கரும்பச்சை ஸ்வெட்டரை மடித்து என் பெட்டியில் மேலாக வைத்தாள். நெஞ்சிலிருந்த வட்டத் துணியைக் காணவில்லை. தையல் பிரித்த ஊசித் துளைகள் மட்டும் வட்டமாக இருந்தன. வரவேண்டிய பிள்ளை வரவில்லை, அதனால் எனக்குத் தள்ளிவிடுகிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல ஸ்வெட்டர். எனக்கு அது இரண்டு அளவு பெரிதாக இருந்தது. பெரிதாக வாங்கினால் பல வருஷத்துக்கு வரும் என்றுதானே எந்த அம்மாவும் வாங்குவாள். அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நானும் திரும்பி வருகிறேன் என்று அம்மா நைனாவுக்குச் சொல்லவில்லை. முனைக் கடைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போட்டால், வுட்டுட்டு வா என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருக்கிறாள். மெட்ராஸில் இறங்கி, பங்காருப்பேட்டைக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு வண்டி பிடித்து, நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். நைனா முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்தோம்.

உள்ளே போய்ப் பார்த்தால் என் பொருள் ஒன்றையும் காணவில்லை. என் தட்டு இருந்த இடத்தில் தட்டு இல்லை. ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூல் பை இல்லை. ஷூ இல்லை, ஸ்லேட்டு இல்லை, என் ஜமக்காளம் இல்லை. நான் எந்நேரமும் விளையாடுகிற ஐந்து கூழாங்கற்கள் ஜன்னலில் இருக்கும், அவைகூட இல்லை. ஒரு மாசம் ஊரில் இல்லாவிட்டால் இப்படியா? அம்மாவிடம் கத்தினேன். அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சங்கு ஊதி அரைமணி நேரத்தில் நைனா வந்தார். சோற்று டப்பாவோடு வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அக்கா வாணாம்னு சொல்ட்டா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு இருந்த கோபத்தில் நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "இன்னா நைனா, என் தட்டு எங்க? என் பை எங்க? ஊருக்குப் போனா தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். போய்ப் பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி வந்து பரணில் சாய்த்து ஏறினார். மேலேயிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். ஷிப்ட்டுக்குக் கொண்டு போகிற அவருடைய நல்ல துண்டில் என் தட்டைச் சுற்றி வைத்திருந்தார். பை வந்தது, ஷூ வந்தது, ஜமக்காளம் வந்தது. கடைசியில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். கண்ணில் படுகிற மாதிரி ஒன்றையும் அவர் கீழே விட்டு வைத்திருக்கவில்லை.

எல்லாம் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. தலையையும் தோளையும் பரணுக்குள் விட்டபடி நின்றார். எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. கொடுத்த வேலையும் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கால்களிடம் சொன்னேன்.

"மரமெல்லாம் பாத்துட்டேன் நைனா. ரொம்ப பெருசு பெருசா கீது. கீழ எறங்க லாயக்கானது பதினேழுதான் கெடச்சிது. கயிறு காட்டுலயே போயிடுச்சி."

"போவட்டும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. குரல் என்னவோபோல இருந்தது.

"மேல இன்னா தேடற?"

"ஒண்ணும் இல்ல. தூசு."

ஒரே மாதத்தில் பரணில் அவ்வளவு தூசு சேருமா என்று நினைத்துக்கொண்டு, கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.